பாயிண்ட் சேர்த்துக் கார் கடனைக் குறைக்கலாமா? என் கார்டும் அதன் 25 பைசாவும்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கார் எடுத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "அண்ணா, எந்த கிரெடிட் கார்டு வாங்கினால் பாயிண்ட் சேர்த்துக் கார் கடனைச் சீக்கிரம் முடிக்கலாம்? நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள் என்றார்களே?"

அப்படித்தான் செய்கிறேன். கார் எடுத்த நாளிலிருந்து வீட்டுச் செலவு முழுவதையும் ஒரே கார்டில் போட்டு, சேரும் பாயிண்டைப் பணமாக்கி, ஆண்டுக்கு ஒரு முறை கடனின் அசலில் கட்டி வருகிறேன். தேநீர் இடைவேளையில் அவருக்குச் சொல்ல முடிந்தது பாதிதான். மீதியை எழுதியே ஆக வேண்டும். அந்தக் கார்டின் மேல் எனக்கு இப்போது நல்ல கோபம் இருக்கிறது. அது ஞாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

என் கடன் 7 லட்சம் ரூபாய், 9 சதவீத நிலையான வட்டி, ஐந்து ஆண்டு. மாதத் தவணை 14,531. கடைசி வரை ஒழுங்காகக் கட்டினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 1,72,000 ரூபாய் ஆகும். முதல் தவணையில் 5,250 ரூபாய் வட்டிக்கே போனது. இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு அசலைக் கொஞ்சமாவது முன்கூட்டிக் கட்டலாமே என்று தோன்றாமல் இருக்காது.

தம்பியின் கேள்வியில் இருந்த ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கார் தவணையை கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டலாம் என்று அவர் நினைத்திருந்தார். நம் ஊரில் அது நடக்காது. தவணை வங்கிக் கணக்கிலிருந்து 'நாச்' ஆணை வழியாகத் தானாகக் கழிகிறது, அந்த ஆணையில் கிரெடிட் கார்டுக்கு இடம் இல்லை. சுற்றுவழி சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. வேறொரு செயலியில் வாடகை கட்டுவதுபோல் காட்டிக் கார்டைத் தேய்த்து, அந்தப் பணத்தை நம் கணக்குக்கே வரவழைத்துத் தவணை கட்டும் வழி அது. கட்டணம் ஒன்றரை சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி. சேர்ந்து 1.77 ஆகிறது. கார்டு தருவது ஒரு சதவீதம். வாடகைச் செலவுக்குப் பெரும்பாலான வங்கிகள் இப்போது பாயிண்டே தருவதில்லை. கார்டில் ரொக்கம் எடுத்துத் தவணை கட்டுவது அதைவிட மோசம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டையும் மறந்துவிடச் சொன்னேன்.

ஆகவே வழி ஒன்றுதான். எப்படியும் செய்யப்போகும் செலவைக் கார்டில் செய்ய வேண்டும், கிடைப்பதைப் பணமாக்க வேண்டும், அந்தப் பணத்தைக் கடனில் பகுதித் தொகையாகக் கட்ட வேண்டும். மூன்று படிகளில் முதல் படியில் என் கார்டு மிக நல்ல கார்டு. இரண்டாவது படியில்தான் வயிற்றெரிச்சல்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இது ரூபே கார்டு. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்க 2022-இல் அனுமதி வந்தது. அதற்கு முன்பு கிரெடிட் கார்டு என்பது துணிக்கடைக்கும் பெரிய பல்பொருள் அங்காடிக்கும் உரியதாக இருந்தது. இப்போது எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து, கீழே கணக்குப் பட்டியலில் சேமிப்புக் கணக்குக்குப் பதிலாகக் கார்டைத் தொட்டால் போதும். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கி வழக்கம்போல் தொகையைச் சொல்லும். மருந்துக்கடை, பால் பூத், கார் கழுவும் கடை எல்லாமே இதில் அடங்கிவிட்டன. இப்படிச் செலுத்தும் தொகைக்கும் பாயிண்ட் உண்டு, மாத வரம்போடு.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மட்டும் பாதி இடத்தில் நடக்காது. கீரை விற்கும் அம்மாவின் கியூ.ஆர். அவருடைய மகனின் தனிக்கணக்குக்குப் போகிறது. வணிகர் கணக்குக்கு மட்டுமே கிரெடிட் கார்டிலிருந்து பணம் போகும், தனிநபருக்குப் போகாது. அங்கே பணமாகக் கொடுத்துவிட வேண்டியதுதான். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. வீட்டுச் செலவு முழுவதும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் வந்து விழுகிறது. மனைவி மாதா மாதம் அதை அச்செடுத்து, பென்சிலால் மளிகைக்கு ஒரு குறி, மருந்துக்கு ஒரு குறி, காருக்கு ஒரு குறி போட்டுவைப்பார். கார் வந்த முதல் ஆண்டில் காருக்கான குறிகள் எத்தனை இருந்தன என்று பார்த்தபோதுதான் தவணையைத் தாண்டி அந்த வண்டி எவ்வளவு கேட்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது. இரண்டு இணையத் திரைப்படச் சந்தாக்களை அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிறுத்தினோம். அதில் மிச்சமானது பாயிண்டில் கிடைத்ததற்குக் குறைந்ததல்ல.

மூன்றாவதாக, தேதி. கார்டு பில்லின் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைப் பயன்படுத்தி என் பில் 22-ஆம் தேதி வரும்படி மாற்றிக்கொண்டேன். 1-ஆம் தேதி சம்பளம், 5-ஆம் தேதி கார் தவணை, 12-ஆம் தேதிக்குள் கார்டு பில் என்று வரிசை அமைந்துவிட்டது. மாத நடுவில் மளிகைக்கும் மருத்துவருக்கும் கணக்கிலிருந்து பணம் போவதில்லை என்பதால் 5-ஆம் தேதி கணக்கில் பணம் குறைந்து தவணை திரும்பியது என்ற பேச்சே இல்லை. தவணை திரும்பினால் இரு வங்கியும் தனித்தனியாகக் கட்டணம் போடும், சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். கடன் இருப்பவருக்கு இந்தத் தேதி வரிசை பாயிண்டைவிடப் பெரிய லாபம். கார்டு வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று தம்பியிடம் அழுத்திச் சொன்னேன்.

கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல்தான் பெரிய செலவு, அதற்கு இந்தக் கார்டில் பாயிண்ட் கிடையாது. ஒரு சதவீத எரிபொருள் கூடுதல் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள், அதுவும் 400 முதல் 5,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு. 3,000 ரூபாய்க்குப் போட்டால் 30 ரூபாய் பிடித்து 30 ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். அந்த 30 ரூபாயின் மேல் போட்ட ஜி.எஸ்.டி. 5 ரூபாய் 40 காசு திரும்புவதில்லை. அதனால் பெட்ரோலுக்கு நான் சேமிப்புக் கணக்கின் யு.பி.ஐ.யையே பயன்படுத்துகிறேன். சர்வீஸ், டயர், பேட்டரி கார்டில் போகும். காப்பீட்டுக்குப் பாயிண்ட் உண்டு, உச்ச வரம்புடன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

கார்டு வாங்கும்போது சொன்னது இது: 100 ரூபாய்க்கு 4 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 50 பைசா. விமான டிக்கெட் எடுத்தாலும் 50 பைசா, பில்லில் வரவு வைத்துக்கொண்டாலும் 50 பைசா. இதைப் பார்த்துத்தான் இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தேன். பாயிண்ட் விழும் செலவு எங்கள் வீட்டில் மாதம் 30,000 ரூபாய் வரும். ஆண்டுக்கு 14,400 பாயிண்ட், அதாவது 7,200 ரூபாய். கார் தவணையில் ஏறத்தாழப் பாதி. முதல் முறை அப்படியே கிடைத்தது. பில்லில் வரவு விழுந்ததால் என் கணக்கில் மிச்சமான 7,200 ரூபாயோடு கையிலிருந்து மீதியைப் போட்டு ஒரு முழுத் தவணைத் தொகையை அசலில் கட்டினேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்தக் கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பாயிண்டைப் பணமாக மாற்றினால் இனி 25 பைசா. விமான டிக்கெட்டுக்கு அதே 50 பைசா. மாற்றும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி. தனி. முன்கூட்டியே அறிவித்தார்கள், அதை மறுக்கவில்லை. புதிதாகச் சேரும் பாயிண்டுக்குப் புது விலை வைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஏற்கெனவே சேர்ந்திருந்த பாயிண்டுக்கும் அதே விலையைப் போட்டுவிட்டார்கள். அறிவிப்புக் காலத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாற்றும் பக்கம் அந்த வாரங்களில் திறக்கும்போதெல்லாம் 'பராமரிப்புப் பணி' என்று காட்டியது. என் 50 பைசா என் பெட்டியில் இருக்கும்போதே 25 பைசா ஆனது.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கியின் செயலியில் பரிசுகள் என்ற இடத்தைத் தொட்டால் வேறொரு தளம் திறக்கிறது. மறுபடி கைபேசி எண், மறுபடி ஓ.டி.பி. முதலில் வருவது சக்கரம் வைத்த பயணப் பெட்டி. அடுத்து முடி உலர்த்தும் கருவி, பிரஷர் குக்கர், கைக்கடிகாரம். அதற்குக் கீழே விமான நிறுவனங்களின் படங்கள், அவற்றுக்கும் கீழே பரிசுச் சீட்டுகள். இவ்வளவையும் தள்ளிக்கொண்டு கடைசிக்கு வந்தால், படம் எதுவும் இல்லாமல் ஒற்றை வரியில் 'பில்லில் வரவு வைக்க'. எண்ணிக்கையை இட்டால் 14,400 என்பது 3,600 ரூபாய் என்று காட்டுகிறது. கட்டணம் அந்தத் திரையில் இல்லை. அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் இரண்டு வரியாக வருகிறது: 99.00, அதன் கீழே 17.82. ஆக, கைக்கு வந்தது 3,483 ரூபாய் 18 காசு. ஒரு முழு ஆண்டு ஒரு குடும்பம் செய்த செலவுக்குக் கிடைத்த பரிசு, ஒரு தவணையில் நான்கில் ஒரு பங்கு.

அந்த வரவையும் பில் கட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குறைந்தபட்சத் தொகையை நாம் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். இது தெரியாதவர்களுக்குத் தாமதக் கட்டணம் விழும்.

என்னை உறுத்துவது தொகையைவிட அதன் பின்னால் இருக்கும் எண்ணம்தான். திருச்சி விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. ஆனால் நாங்கள் எங்கு போனாலும் ரயிலிலும் காரிலும்தான் போகிறோம். விமான நிலைய ஓய்வறையில் இலவச அனுமதி என்று கார்டின் கையேட்டில் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், அதன் கதவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. சுற்றுலா போகிறவருக்கு ஒரு பாயிண்ட் 50 பைசா, கடனைக் குறைக்க நினைப்பவருக்கு 25 பைசா. இரண்டு பேரும் அதே கடையில் அதே அரிசியை அதே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். வங்கிக்கு அந்தச் செலவில் கிடைக்கும் வருமானமும் ஒன்றுதான். செலவைத் தூண்டும் வழிக்கு முழு விலையும் கடனைக் குறைக்கும் வழிக்கு அரை விலையும் வைப்பது எந்த ஊர் ஞாயம்?

வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பரிசுத் திட்டத்தை மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு என்று விதிமுறைகளின் ஒரு பத்தியை எடுத்து அனுப்பினார்கள். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் திட்டத்திலும் வங்கியின் வணிக முடிவு என்ற வகைப் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அத்தோடு விட்டுவிட்டேன். பாயிண்ட் என்பது நம் பணம் இல்லை, அவர்கள் மனம் வைத்தால் தரும் தொகை என்பதே இதில் நான் கற்றது. கடன் திட்டம் போடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படியான பகுதித் தொகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடன் கொடுத்த வங்கியில் 12 தவணை முடிந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது ஒரு தவணைத் தொகை கட்டலாம். கட்டும் தொகையில் 3 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் கட்டணம். 14,531 ரூபாய் கட்டும்போது 514 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆனாலும் மூன்று ஆண்டு மீதமிருக்கும்போது கட்டினால் ஏறத்தாழ 4,480 ரூபாய் வட்டி மிச்சம், கட்டணம் போக 3,970 நிற்கிறது. நிலையான வட்டி என்பதால் இந்தக் கட்டணம். தனிநபர் ஒருவர் சொந்தத் தேவைக்கு மாறும் வட்டியில் எடுத்த கடனுக்கு இப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது, தம்பி தன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கிளையில் கேட்பார்கள். காலத்தை என்று எழுத்தில் கொடுங்கள். தவணையைக் குறைத்தால் மாதம் சில நூறு குறைந்து அது வேறு செலவில் கரைந்துவிடும், வட்டி மிச்சமும் அவ்வளவாக இருக்காது. கட்டிய பிறகு புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

பில்லை முழுவதும் கட்ட முடியாத மாதம் ஒன்று வரும் என்று தோன்றினால் இந்தத் திட்டமே வேண்டாம். என் கார்டின் வட்டி மாதம் மூன்றரை சதவீதம், ஆண்டுக்கு 42. கார் கடன் 9 சதவீதம். 10,000 ரூபாயை ஒரு மாதம் நிறுத்திவைத்தால் வட்டி 350, அதன் மேல் ஜி.எஸ்.டி. 63, ஆக 413 ரூபாய். அந்த 10,000 ரூபாய்ச் செலவுக்குக் கிடைத்த பாயிண்டின் மதிப்பு 100 ரூபாய். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைக் கட்டுபவர் 9 சதவீதக் கடனைக் குறைக்க 42 சதவீதக் கடன் வாங்குகிறார்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பாயிண்ட் தரும் கார்டே வேண்டாம். ஒன்று, ஒன்றரை சதவீதமானாலும் கேஷ்பேக்காக மாதா மாதம் தானாகவே பில்லில் கழித்துக்கொள்ளும் கார்டாகப் பாருங்கள். மாற்றும் பக்கம் இல்லை, பயணப் பெட்டி இல்லை, 99 ரூபாய் இல்லை, மதிப்பு பாதியாகும் பயமும் இல்லை. இன்று செய்த செலவுக்கு அடுத்த பில்லிலேயே கையில் வந்துவிடும். அதை அந்த மாதமே தனியாக ஒரு தொடர் வைப்பில் போட்டுவைத்து, ஆண்டு முடிவில் அசலில் கட்டுங்கள். ஆண்டுக் கட்டணம் உங்கள் வழக்கமான செலவிலேயே தள்ளுபடி ஆகிறதா என்று பாருங்கள். தள்ளுபடிக்காகச் செலவைக் கூட்ட வேண்டியிருந்தால் அது உங்கள் கார்டு இல்லை.

"உங்கள் கார்டு அவ்வளவு மோசமா அண்ணா?" என்றார். மோசம் என்று சொல்ல மாட்டேன். மளிகைக் கடையில் ஒரு நாளும் தடுமாறியதில்லை. ஒரு முறை தவறாகக் கழிந்த தொகையை வாடிக்கையாளர் சேவைப் பெண் பொறுமையாக விசாரித்து, அடுத்த பில்லுக்குள் திருப்பித் தர ஏற்பாடு செய்தார். ஆண்டுக்கு 3 லட்சம் செலவுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, எனக்கு அது எப்போதும் தாண்டிவிடுகிறது. என் கையிலிருந்து இந்தக் கார்டுக்குப் போவது அந்த 117 ரூபாய் மட்டுமே. காகிதத்தில் கணக்குப் போட்டால் இதை வைத்துக்கொள்வதுதான் லாபம். மனைவியும் அதையே சொல்கிறார்.

நான் மூடப்போகிறேன். கட்டண மாற்றம் பிடிக்காமல் கார்டை ஒப்படைப்பவரிடம் அதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கி இல்லாவிட்டால் கோரிக்கை கொடுத்த ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்பது 2022 முதல் இருக்கும் விதி. எழுத்தில் கோரிக்கை தயாராக இருக்கிறது. கேஷ்பேக் கார்டு ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது வந்து யு.பி.ஐ.யில் இணைந்ததும் இந்தக் கோரிக்கையை அனுப்பிவிடுவேன். மூடினால் மிச்சமிருக்கும் பாயிண்ட் போய்விடும் என்பதால் அதற்கு முன் இருப்பதை எல்லாம் கடைசியாக ஒரு முறை பில்லில் வரவு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் 117 ரூபாய் பிடிப்பார்கள். பிடித்துக்கொள்ளட்டும், இதற்கு மேல் ஒரு பாயிண்ட் கூட அவர்கள் விலைக்கு விற்கமாட்டேன்.